வீமனுக்கு ஒரு வளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாண்டிருப்பில் என் வளவில் பெரிய நாய் ஒன்று நிற்கிறது. அதற்கு ஒரு வீடு வேண்டும். உங்கள் பத்திரிகை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நிறைய வீடுகளுக்குப் போகிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாயின் குணத்தை ஒழுங்காகச் சொல்லாமல் யாரிடமாவது தள்ளிவிட்டு, மூன்றாம் மாதம் அது திரும்பவும் ரோட்டில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது.

பெயர் வீமன். லயன் ஷெப்பர்ட் கலப்பு. மண்ணிற உடம்பு, முதுகு கறுப்பு, கழுத்தைச் சுற்றி அடர்த்தியான மயிர். கடுவன். மிருக வைத்தியர் பல்லைப் பார்த்து நான்கு, ஐந்து வயது இருக்கும் என்றார். போன மாதம் பக்கத்து மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 41 கிலோ. தராசில் ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டான், இறக்குவதற்குத்தான் நேரம் எடுத்தது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. விசர்நாய் நோய்க்கான ஊசி வருடா வருடம் போடப்படுகிறது, அட்டை என்னிடம் இருக்கிறது. பூச்சி மருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறேன்.

பெயரை நான் வைக்கவில்லை. எங்கள் திரௌபதை அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவான தீப்பள்ளயத்தில் பாண்டவர் வனவாசம் நடந்த கிழமையில்தான் அவன் எங்கள் கண்ணில் பட்டான். கடற்கரைப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக் கேற்றுக்கு வெளியே படுத்திருந்தான். உடம்பைப் பார்த்தும், போட்ட சோற்றை அவன் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வீமன் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதற்கு முன் அவனுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். யார், எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. வான் ஒன்று வந்து அந்த ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், எழும்பிப் போய்க் கேற்றடியில் நின்றுகொள்வான். வான் தாண்டிப் போனதும் திரும்பவும் படுத்துக்கொள்வான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியவில்லை.

வளவுக்குள் கொண்டுவந்தபோது அவன் உடம்பு இருந்த நிலையைச் சொல்கிறேன். வால் மயிரில் நாயுருவி முள் சிக்கிக் கட்டியாகிக் கிடந்தது. காது மடலைப் புரட்டினால் உள்ளே ஆமணக்கு விதை போல உண்ணிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், பல் முரசு வெளிறி வெள்ளையாக இருந்தது. மருத்துவ மாதாக இருந்து பிள்ளைத்தாய்ச்சிகளின் கண் இமையை இழுத்துப் பார்த்து இரத்தச்சோகை கண்டுபிடித்த எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உண்ணிக் காய்ச்சல். வைத்தியர் டொக்சிசைக்கிளின் குளிசை தந்தார். குளிசையை ஒரு பிடி சோற்றுக்குள் வைத்து ஊட்டினேன்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசச் சொன்னவர்கள் உண்டு. எஞ்சின் ஒயில் பூசச் சொன்னவர்களும் உண்டு. வாசகர்களில் யாராவது அப்படிச் செய்பவராக இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டும் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நான் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன். பின்னேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலை. காதுக்குள் சாமணம் போகும்போது எந்த நாயும் உறுமும். இவன் தலையை என் காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். வலித்த இடத்தில் மட்டும் என் கையை நக்குவான். இவன் யாரையும் கடிக்க மாட்டான் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வீடு கிடைக்காமல் இருப்பதற்குக் காரணமும் அதுவேதான். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், முதல் கேள்வியே “கடிக்குமா அம்மா?” என்பதுதான். கடிக்காது என்றால் முகம் மாறிவிடுகிறது. நற்பிட்டிமுனைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், களஞ்சியம் வைத்திருக்கிறாராம். வீமன் நேரே போய் அவர் காலோடு உடம்பைச் சாய்த்து நின்றான். அது அவன் வழக்கம், பிடித்தவரின் காலில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்வான். அவருக்கும் அது பிடித்திருந்தது, காதடியைச் சொறிந்து கொடுத்தார். பிறகு சொன்னார்: “இது சரிவராது அம்மா. கள்ளன் வந்தாலும் இப்படித்தானே சாய்வான்.”

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தம்பி, இரவில் வருகிற கள்ளன் நாயின் குணத்தை விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டான். கேற்றுக்கு மேலால் இந்தத் தலை தெரிந்தால், அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரைப்புக் கேட்டால், அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுவான். வீமன் குரைப்பான். இரவில் அந்நியர் வேலியோரம் நடந்தால் குரைப்பான். மீன்காரருக்கும் தபால்காரருக்கும் குரைக்க மாட்டான். எங்களுக்கு வேண்டியதும் இதுதானே? கடிக்கிற நாய் முதலில் கடிப்பது பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை. நான் வேலை செய்த காலத்தில் பார்த்த நாய்க்கடிகளில் அநேகமானவை அப்படித்தான், தெரிந்த நாய், தெரிந்த பிள்ளை. கள்ளனைக் கடித்த நாயை நான் கண்டதே இல்லை.

சங்கிலியில் கட்டி வைத்தால் ரோசம் வரும் என்று நம்புகிறவர்களுக்கு வீமனைக் கொடுக்க மாட்டேன். வீடு வீடாக முப்பது வருடத்துக்கு மேல் நடந்த மருத்துவ மாது நான். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. எந்தக் கேற்றுக்குள் மணி அடித்துவிட்டுத்தான் போக வேண்டும், எந்தக் கேற்றைத் தயங்காமல் தள்ளலாம் என்று எனக்குத் தெரியும். பயந்து நின்ற வீடுகள் அநேகமாக நாயைக் காலையிலிருந்து இரவு வரை பலாமரத்தில் கட்டியிருந்த வீடுகள். பிறந்ததிலிருந்து அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றி, வருகிற போகிற எல்லாரையும் பார்த்துக் கத்தி, ஒருநாள் சங்கிலி அறுந்தால் எதிரில் நிற்பவரைப் பிடித்துவிடும். அவிழ்த்து வளர்த்த நாய்கள் வந்து மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வயல் காவலுக்குக் கேட்டவர்களும் உண்டு. நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிற ஒரு பிள்ளை மிகவும் ஆசைப்பட்டுக் கேட்டது. நல்ல பிள்ளை, மனம் நோகாமல் மறுத்தேன். அங்கே யானை வருகிறது. யானையைக் கண்ட நாய் முதலில் குரைத்துக்கொண்டு முன்னால் ஓடும். யானை திரும்பினால் எசமானிடம்தான் ஓடிவரும், பின்னால் யானையும் வரும். வாடியில் தனியாகப் படுக்கிற மனிதருக்கு இது உயிர் ஆபத்து. அதோடு இந்த மயிரோடு வைகாசி, ஆனி வெயிலில் நிழலில்லாத வயலில் வீமன் தாங்க மாட்டான். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூடு தணிக்கிறது. மத்தியானத்தில் அவன் என் கிணற்றடி ஈர மண்ணில் குழி தோண்டி அதற்குள் படுப்பான். யார் எடுத்தாலும் நிழலும் ஈர மண்ணும் கொஞ்சம் கொடுங்கள். வெயில் என்று மயிரை ஒட்ட வழித்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். வாரிவிட்டால் போதும்.

இனி எழுதப்போவது முக்கியமானது. வீமனைக் கேட்டு வந்த ஒரு குடும்பம் எனக்கு முழு மனதுக்கும் பிடித்திருந்தது. பெரிய வளவு, கிணறு, இரண்டு பிள்ளைகள், நாயை வீட்டுக்குள் விடக்கூடிய ஆட்கள். எல்லாம் பேசி முடிந்த பிறகு வேண்டாம் என்றார்கள். மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாம். நாய் மயிர் வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம்.

இந்தக் கதையை நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து கேட்கிறேன். இதற்காகவே எத்தனையோ வீடுகளில் நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையடியிலும் கடற்கரையிலும் விட்டிருக்கிறார்கள். வாயால் விழுங்கிய மயிர் குடலுக்குப் போய் மலத்தோடு வெளியேறிவிடும். கருப்பைக்குப் போவதற்கு அதற்கு வழியே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. நாயின் வயிற்றுப் பூச்சியின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்து, தவழ்கிற பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் வரலாம். அதற்கு நாய்க்கு நேரத்துக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், மலத்தை அள்ளிப் புதைக்க வேண்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கைப்பிள்ளையை எந்த நாயோடும் தனியே விடக்கூடாது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். உண்மையாகவே இழுப்பு, ஒவ்வாமை உள்ள வீடு என்றால் வைத்தியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்றபடி கர்ப்பிணி இருக்கிறார் என்பதற்காக நாயைத் துரத்தத் தேவையில்லை. நான் பார்த்த எத்தனையோ பிள்ளைகள் நாய் படுக்கிற திண்ணையில்தான் தவழ்ந்து எழும்பின. அந்தக் குடும்பத்தினர் இந்தக் கடிதத்தைப் படித்தால், வீமன் இன்னும் இங்கேதான் இருக்கிறான்.

நாய்க்கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் அதற்கு மருந்து இல்லை. 1970களின் தொடக்கத்தில் இந்த நோயால் எங்கள் நாட்டில் ஆண்டுக்கு முன்னூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது அது இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதுதான் இதற்குப் பெரிய காரணம். அரசாங்கத்தில் அந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். ஊருக்குள் வருகிற அன்றைக்கு நாயைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பதுதான் எங்களுடைய வேலை.

வெளிநாடு போகிறவர்களுக்கும் எழுத வேண்டியிருக்கிறது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு எங்கள் பகுதியிலிருந்து எத்தனை குடும்பம் போனது என்று எல்லாருக்கும் தெரியும். போனவர்களில் நான் குற்றம் காணவில்லை, பிள்ளைகளுக்காகப் போகிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் இதே கடற்கரையில் ஆளில்லாத நாய்கள் திரிந்தன. அவற்றின் ஆட்களைக் கடல் கொண்டுபோய்விட்டது, அவர்களை யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் விசா வரும்வரை காத்திருந்து, வீட்டுச் சாமான்களை விற்று, வளவைப் பார்க்க ஆள் வைத்து, கோயிலுக்கு நேர்த்தி கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு நாய்க்கு ஒரு இடம் பார்க்க மட்டும் நேரமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. அது நல்லது. அதற்காக, விட்ட நாய் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கையால் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தெருவில் எலும்பு பிடுங்கத் தெரியாது. மற்ற நாய்கள் அதைக் கடித்துக் குதறிவிடும். நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901இல் வந்தது, மிருகங்களை வதைக்கக்கூடாது என்ற சட்டம் 1907இல் வந்தது. இரண்டுக்கும் நூற்றாண்டு தாண்டிவிட்டது. வைரவருக்கு வடைமாலை சாத்தி, அவருடைய வாகனத்துக்குப் பூவும் வைக்கிற ஊர் இது. எங்களுக்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நானும் போகத்தான் போகிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, 41 கிலோ நாய் இழுத்தால் என்னால் நிற்க முடியாது. மகள் மட்டக்களப்பு நகரத்தில் மேல்மாடி வாடகை வீட்டில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு வந்துவிடுங்கள் என்கிறாள். அங்கே நாய் வைக்க இடம் இல்லை. வீமனுக்கு வீடு கிடைக்காமல் நான் கிளம்ப மாட்டேன் என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றுவிட்டாள்.

எடுக்க நினைப்பவர்களுக்கு அவன் பழக்கங்களைச் சொல்கிறேன். காலையும் பின்னேரமும் ஒவ்வொரு கோப்பை அரிசி போட்ட சோறு, சாளை மீனோ கோழித் தலையும் காலுமோ மஞ்சள் போட்டு அவித்து, பூசணிக்காய்த் துண்டும் சேர்த்துப் பிசைந்து கொடுக்கிறேன். வெங்காயம், மிளகாய் போட்ட ஆணம் வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். அவித்த கோழி எலும்பையும் கொடுக்காதீர்கள், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும், தலையோ காலோ போட்டால் எலும்பை எடுத்துவிட்டே போடுங்கள். ஒரே நேரத்தில் முழுச் சாப்பாட்டையும் வைத்துவிட்டு ஓட விடக்கூடாது, இந்த அளவு நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மருதமுனையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்) பெரிய மாட்டெலும்பு ஒதுக்கி வைத்துக் கொண்டுவந்து தருவார். அவர்கள் வீட்டில் நாய் வைப்பதில்லை, தொழுகைக்குப் போகிற உடுப்பில் எச்சில் படக்கூடாது. அதனால் அவர் வரும்போது நான் வீமனின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொள்வேன். பையைக் கேற்றில் கொழுவிவிட்டு, தள்ளி நின்று, “என்ன வீமா, சுகமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். வீமனும் இப்போது அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

குறைகளையும் மறைக்கவில்லை. வெடிக்குப் பயம். தீபாவளி, வருடப்பிறப்பு, கோயில் திருவிழா என்றால் குளியலறைக்குள் புகுந்துவிடுவான், அன்றைக்கு அவனோடு யாராவது இருக்க வேண்டும். கோழிகளைத் துரத்துவான், பிடிக்க மாட்டான், ஆனால் கோழிக்கு அது தெரியாது. பூனையோடு பிரச்சினை இல்லை. சந்தோசம் வந்தால் முன்னங்காலைத் தூக்கி ஆளின் மேல் வைப்பான், மெலிந்த பிள்ளை என்றால் விழுந்துவிடும். இந்தப் பழக்கத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறேன், இன்னும் முழுதாகப் போகவில்லை. வான் நின்றால் இப்போதும் எழும்பிப் பார்ப்பான்.

சுற்றிவர மதிலோ நல்ல வேலியோ உள்ள வளவு வேண்டும். பகலில் யாராவது வீட்டில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. கட்டி வைக்கக்கூடாது. காசு எதுவும் வேண்டாம். விற்பதற்கோ குட்டி எடுப்பதற்கோ கேட்பவர்கள் வர வேண்டாம். நீலாவணையிலிருந்து காரைதீவு வரை, ஏன் களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி என்றாலும் பரவாயில்லை, நானே ஓட்டோ பிடித்துக் கொண்டுவந்து விடுவேன். முதல் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து பார்ப்பேன், அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் எந்த நேரத்திலும் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன்.

என் தொலைபேசி இலக்கத்தை இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்து கொடுத்துதவும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வந்தால் வெயில் தணிந்து அவன் எழும்பி நிற்பான். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ மாது,
பாண்டிருப்பு.